ஓசூரின் ஓய்வுநேரம் எந்த அலமாரியில்?

2023 பிப்ரவரி 2ஆம் தேதி காலை, ஓசூரை அடுத்த கோபசந்திரத்தில் பெங்களூரு–கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலை நின்றுபோனது. எருது விடும் விழாவுக்கு அனுமதி கிடைப்பதில் ஏற்பட்ட தாமதத்தால் கொதித்துப்போன கூட்டம் சாலையை மறித்தது. கல் பறந்தது, பேருந்துக் கண்ணாடிகள் நொறுங்கின, போலீஸ் தடியடி நடத்தியது. பல மணி நேரம் லாரியும் பஸ்ஸும் அசையவில்லை.

மறுநாள் பத்திரிகைகளில் அது சட்டம் ஒழுங்குச் செய்தியாக வந்தது. இருபது வருடம் கழித்து யாராவது தேடினாலும் மறியல், கலவரம், வழக்கு என்ற சொற்களின் கீழ்தான் கிடைக்கும். ஆனால் அன்று சாலைக்கு வந்தவர்கள் கூலி கேட்கவில்லை, குடிநீர் கேட்கவில்லை. ஒரு நாள் விளையாட்டைக் கேட்டார்கள். தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் சுமந்து இரவும் பகலும் ஓடும் சாலை அந்த ஒரு கோரிக்கையால் நின்றது. ஓய்வு நேரத்தைப் பற்றி எழுதவேண்டிய முதல் ஆவணங்களில் ஒன்று அந்தச் செய்தி. அது அந்தத் தலைப்பில் எங்கும் பதிவாகாது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மக்கள் வேலை முடிந்த பொழுதை எப்படிக் கழித்தார்கள், இப்போது எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஆராய ஒரு முதுகலை மாணவி புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நூலகத்துக்குப் போய் ‘பொழுதுபோக்கு’ என்று கேட்கிறாள். விடுகதைத் தொகுப்பு, கோலப் புத்தகம், சினிமாத் துணுக்குகள் கைக்கு வரும். அவள் தேடிய எதுவும் அதில் இருக்காது. ஆதாரங்கள் உண்டு, ஏராளமாகவே உண்டு. வரி, வேட்டை, திருவிழா, தொழிலாளர் சட்டம், போலீஸ் என்று வேறு வேறு பெயர்களில் அவை ஒளிந்திருக்கின்றன. அவற்றைக் கண்டெடுக்க ஒரு வழிகாட்டல் வேண்டும். இதைவிடக் கவலை தருவது ஒன்று உண்டு. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபிறகு இந்த மண்ணில் உருவான புதிய ஓய்வுநேர வாழ்க்கையின் தாள்களை எவரும் எடுத்துவைக்கவில்லை.

முதல் முட்டுக்கட்டை மாவட்டத்தின் பெயர். கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004 பிப்ரவரி 9ஆம் தேதி. அதற்கு முன் 1965 முதல் இது தருமபுரி மாவட்டம். அதற்கும் முன்னால் சேலம். கிருஷ்ணகிரி என்று தேடினால் இருபது ஆண்டுச் சங்கதிதான் அகப்படும். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதி 1799க்குப் பிறகே வந்து சேர்ந்தது. பழைய சேலம் மாவட்டத்தைத் தலாகாட், பாராமகால், பாலாகாட் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். கிருஷ்ணகிரி பாராமகாலில் இருக்கிறது, ஓசூர் பாலாகாட்டில் இருக்கிறது. இந்த ஒரு விவரம் தெரியாமல் பெரிய நூலகத்தில் ஒரு வாரத்தையே தொலைத்துவிடலாம்.

அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வரித்திட்டத்துக்காகத் திரட்டிய பாராமகால் ஆவணங்களைச் சென்னை அரசு அச்சகம் 1907 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது. அதில் ஒரு பகுதி முழுக்கக் குடிகளைப் பற்றியது. 1883இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடு, 1918இல் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியர் என்று வரிசை தொடர்கிறது. இவற்றை எழுதியவர்கள் ஓய்வைப் பற்றி எழுதுவதாக நினைக்கவே இல்லை. வரி வசூலுக்கும் நிர்வாகத்துக்கும் எழுதினார்கள். அதனால்தான் இவற்றைப் பொருளடக்கத்தை நம்பிப் படிக்கக்கூடாது. மக்களைப் பற்றிய அத்தியாயம், தாலுகா வாரியாக ஊர்களைச் சொல்லும் பகுதி, சந்தை, தேர், கோயில் பற்றிய வரிகள் என்று பக்கம் பக்கமாகத் துழாவவேண்டும்.

ரிச்சர்ட்ஸைப் பற்றி ஒரு செய்தி. சேலம் கெசட்டியரை எழுதிய இதே மனிதர்தான் பெங்களூரில் 1909இல் மிதிக் சொசைட்டியைத் தொடங்கியவர். அப்போது அங்கே கலெக்டர். இன்றும் நிருபதுங்கா சாலையில் டேலி மெமோரியல் ஹாலில் அந்தச் சங்கமும் அதன் நூலகமும் இருக்கின்றன. ஓசூர்க்காரருக்கு இது முக்கியம். சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளியில் எல்லையைத் தாண்டினால் போதும். வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஷாப்பிங்குக்கும் தினம் எல்லை தாண்டுகிற ஊர், ஆராய்ச்சிக்கு மட்டும் ஏன் சென்னையையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும்? தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் தெருவில் புழங்கும் ஊரின் ஓய்வுநேரம் ஒரே மாநிலத்து நூலகத்துக்குள் அடங்காது.

எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்த ஓய்வுக்கு ஒரு முழு அலமாரி உண்டு. கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பெங்களூர்க்காரர். விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் வேலை பார்த்தவர். விடுமுறை கிடைத்தால் துப்பாக்கியோடு தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டிக் காடுகளுக்கு வந்துவிடுவார். 1954இல் வந்த அவருடைய முதல் நூலில் ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியின் கதை இருக்கிறது. 1959இல் வந்த இன்னொரு நூலின் தலைப்பிலேயே சிவனிப்பள்ளிக் கருஞ்சிறுத்தை இருக்கிறது. நூலகத்தில் இவை வேட்டை என்ற வகையில் நிற்கும், அல்லது சாகசக் கதைகளோடு சேர்ந்துவிடும். ஒரு தொழிற்சாலை மனிதரின் வாரக்கடைசி எப்படிக் கழிந்தது என்பதற்கான சாட்சியாக எவரும் எடுத்துப் படிப்பதில்லை.

அப்படிப் படித்தால் வேறு முகங்கள் தெரியத் தொடங்கும். அந்தக் கதைகளில் தடம் பார்த்துச் சொல்பவர், மரத்தில் பரண் கட்டுபவர், மாட்டைப் பறிகொடுத்து வந்து நிற்பவர், ராத்திரியில் வழிகாட்டுபவர் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். துரைக்கு ஓய்வு, இவர்களுக்கு வேலை. இன்று பெங்களூரிலிருந்து சனி ஞாயிறுகளில் வண்டி எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கும் அறையைப் பெருக்குகிற, சமைக்கிற, தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற உள்ளூர்க்காரர்களுக்கும் இடையிலான உறவின் முன்கதை அந்தப் புத்தகங்களில் இருக்கிறது. ஒருவருடைய ஓய்வுக்குப் பின்னால் யாருடைய உழைப்பு என்ற கேள்வியை ஆண்டர்சன் கேட்கவில்லை. இன்று அவரைப் படிக்கிறவர் கேட்கலாம்.

இன்னும் பின்னால் போனால் கல் பேசுகிறது. சேலம் மாவட்டம் கருமந்துறையில் கிடைத்து சேலம் அருங்காட்சியகத்துக்கு வந்த நடுகல்லில் ஒருவன் எருதோடு பொருதுகிறான். எருது விளையாடி இறந்துபோன சங்கன் என்பவனுக்கு எடுத்த கல் அது என்று எழுத்து சொல்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே ஒரு நடுகல் உண்டு. ஊருக்காகப் போரிட்டு மாண்டவனுக்கும் ஆநிரை மீட்டவனுக்கும் கல் நட்ட சமூகம் விளையாட்டில் இறந்தவனுக்கும் நட்டிருக்கிறது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. தொல்லியல் துறையின் தருமபுரிக் கல்வெட்டுத் தொகுதிகளை அரசியல் வரலாற்றுக்காரர்கள் ஆண்டும் அரசனும் தேடிப் புரட்டுகிறார்கள். விளையாட்டைத் தேடுகிறவரும் புரட்டவேண்டும்.

கோபசந்திரம் மறியலைப் புரிந்துகொள்ள அந்த நடுகல்லோடு மூன்று தாள்களைச் சேர்த்து மேசையில் வைக்கவேண்டும். முதலாவது, 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்த தீர்ப்பு. இரண்டாவது, 2017இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தம். அதன் விளக்கப் பிரிவில் மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழாவின் பெயரும் இருக்கிறது. மதுரைப் பக்கத்து விளையாட்டுக்காக எழுந்த போராட்டம் வடமாவட்டத்து விளையாட்டுக்கும் சட்டத்தில் ஓர் இடம் வாங்கித் தந்தது. மூன்றாவது, அந்தத் திருத்தத்தை ஏற்று அரசியல் சாசன அமர்வு 2023 மே 18ஆம் தேதி அளித்த தீர்ப்பு. மறியல் நடந்த பிப்ரவரியில் அந்த வழக்கின் தீர்ப்பு இன்னும் வந்திருக்கவில்லை. மூன்றுமே சட்ட நூலகத்தில் இருப்பவை. ஓய்வு பற்றிய ஆய்வாளர் அங்கே போவதில்லை.

இங்கே நூலகத்தின் எண்களைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். டூயி தசமப் பகுப்பில் பொழுதுபோக்கும் நிகழ்த்துகலைகளும் 790. அதற்குள் சினிமா 791, நாடகம் 792, உடல்சார் விளையாட்டு 796, வேட்டையும் மீன்பிடிப்பும் 799. திருவிழாவும் வழக்கங்களும் அங்கே இல்லை, 394. தொழிலாளரின் வேலை நேரமும் விடுப்பும் 331. ஓய்வைச் சமூக வாழ்வின் ஒரு கூறாகப் பார்க்கும் நூல்கள் 306. கிருஷ்ணகிரியில் ஒரு தொழிலாளி வெள்ளிக்கிழமை சினிமாவுக்குப் போய், சனிக்கிழமை விளையாட்டுப் போட்டி பார்த்து, ஞாயிற்றுக்கிழமை ஊர்த் தேருக்குப் போனால் அவருடைய ஒரே வாரக்கடைசி நூலகத்தில் மூன்று அலமாரிகளில் சிதறிக் கிடக்கும். எண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. அலமாரிகளுக்கு இடையே நடக்கத் தெரியவேண்டும்.

சொல்லும் அப்படித்தான். ‘ஓய்வு’ என்றால் நம் பேச்சில் பணி ஓய்வு. ‘பொழுதுபோக்கு’ என்றால் சினிமாவும் டிவியும். அரசாங்கம் வைத்த சொல் ‘கேளிக்கை’. 1939இலேயே சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டம் வந்துவிட்டது. டூரிங் டாக்கீஸ் எந்த ஊரில் எத்தனை மாதம் நின்றது என்பதை அறிய விரும்புகிறவர் அந்த வரிக் கணக்கையும் கலெக்டர் அலுவலக உரிமக் கோப்புகளையும்தான் நாடவேண்டும். சிப்காட் தொழிலாளியிடம் “ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் விழிப்பார். “லீவுல என்ன பண்ணுவீங்க?” என்றால் பட்டென்று பதில் வரும். “ஊருக்குப் போவேன்.” ஊருக்குப் போவதுதான் இந்தத் தொழில் நகரத்தின் பெரிய ஓய்வுநேரச் செயல். அதற்கு எந்தப் பட்டியலிலும் எண் இல்லை.

தேவநேயப் பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்தார். ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்ற அவருடைய நூல் 1954இல், அந்தச் சேலம் ஆண்டுகளில்தான் வெளிவந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலத்தின் தாலுகாக்கள். ஆண்பால், பெண்பால், இருபால் என்று விளையாட்டுகளைப் பிரித்து, அவற்றுக்குள் பகலாட்டு, இரவாட்டு என்று அவர் வகுத்திருப்பது இந்த வட்டாரத்துக்கு இன்று அபாரமாகப் பொருந்துகிறது. ஷிஃப்ட் முறை வந்தபின் பகலும் இரவும் இடம் மாறிவிட்டன. நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் வீடு வந்து படுக்கிற ஒருவருக்கு எது பகலாட்டு? மாலையில் தெருப் பையன்கள் கிரிக்கெட்டுக்குக் கூப்பிடும்போது அவர் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறார்.

அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை 1980இல் வந்தது. அதே ஆண்டில் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து புறப்பட்டது. பிள்ளையை முன்னால் நிறுத்தி மனைவியைப் பின்னால் ஏற்றிக் கோயிலுக்கும் சினிமாவுக்கும் போன ஒரு தலைமுறையின் ஓய்வு வரலாற்றை அந்த வண்டி இல்லாமல் எழுத முடியாது. 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. சில ஆண்டுகளில் ஓசூரில் கைக்கடிகாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் இ. பி. தாம்ஸன் 1967இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். சூரியனையும் வேலையின் போக்கையும் வைத்து நாளைக் கழித்த மக்கள், கடிகாரத்துக்கும் சங்குக்கும் எப்படிப் பழக்கப்படுத்தப்பட்டார்கள், வேலை வேறு பொழுது வேறு என்று நாள் எப்படி இரண்டாகப் பிளந்தது என்பது அதன் பொருள். கேழ்வரகு அறுவடையையும் தேர்த் திருவிழாவையும் வைத்து ஆண்டைக் கணக்கிட்ட ஒரு தாலுகா, ஒரே தலைமுறையில் நாட்டுக்கே கடிகாரம் செய்துகொடுக்கும் இடமானது. அந்தக் கட்டுரையைப் படிக்க ஓசூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

அந்தப் பிளவின் விவரங்கள் சட்டப் புத்தகங்களில் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், நாளுக்கு 9 மணி நேரம், வாரம் ஒரு விடுமுறை என்று வரையறுத்தது. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் தரச் சொல்கிறது. பொங்கலா, யுகாதியா, ரம்ஜானா, ஆயுத பூஜையா? நான்கு மொழிக்காரர்கள் ஒரே லைனில் நிற்கும் ஆலையில் அந்த ஐந்தும் எவை என்பது சின்ன விஷயம் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் விடுமுறைப் பட்டியல்களை நாற்பது ஆண்டுக்கு வரிசையாக அடுக்கினால், யாருடைய பண்டிகை எப்போது உள்ளே வந்தது, யாருடையது வெளியே போனது என்று தெரிந்துவிடும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பிறகு மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தின் சட்டசபைக் குறிப்புகளையும் ஓய்வு பற்றிய ஆவணமாகவே படிக்கவேண்டும்.

எண்ணிக்கையில் சொல்லவேண்டும் என்றால் தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டு ஆய்வு இருக்கிறது. 1998–99இல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாகச் செய்தபோது தமிழ்நாடும் அதில் ஒன்று. 2019இல் முதன்முறையாக நாடு முழுக்கச் செய்தார்கள். வீட்டு வேலைக்கு, அதில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97. 2024 ஆய்வில் அது 289க்கும் 88க்கும் வந்தது. பெண்ணின் பொழுது எங்கே போகிறது என்று கேட்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டாம். ஆனால் இந்த ஆய்வு மாநில அளவோடு நின்றுவிடும். பர்கூரில் ஒரு பெண்ணின் மாலை எப்படிப் போகிறது என்று அது சொல்லாது. அதை யாராவது போய்க் கேட்டு எழுதினால்தான் உண்டு.

அப்படி எழுதியவர்கள் இருக்கலாம். சேலம் பெரியார் பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கியபின் இந்த மாவட்டத்துக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல ஷோத்கங்கா தளத்தில் வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கும். எம்.ஃபில். ஆய்வேடுகள்தான் பாவம். ஒரு கிராமத்தின் திருவிழா, ஒரு சந்தை, ஒரு கூத்துக் குழு என்று சின்னக் களத்தை எடுத்துக்கொண்டு சிரத்தையாகச் செய்யப்பட்ட அந்த வேலைகள், துறை அலமாரிகளில் நீல பைண்டிங்கோடு பூட்டிக் கிடக்கின்றன. போய்க் கேட்டு, சாவி வாங்கித் திறந்து பார்க்கவேண்டும். 1961 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது பி. கே. நம்பியார் மேற்பார்வையில் வந்த திருவிழாக்கள் பற்றிய தொகுதியும் அப்படித்தான். கணக்கெடுப்பு என்ற பெயரைப் பார்த்து எண்கள் மட்டும் இருக்கும் என்று எல்லாரும் கடந்துபோய்விடுகிறார்கள்.

கூத்தைப் பற்றி உலகத் தரமான நூல்கள் உண்டு. ஆல்ஃப் ஹில்டபைட்டலின் திரௌபதி வழிபாட்டு ஆய்வு, ரிச்சர்ட் ஃபிராஸ்காவின் 1990ஆம் ஆண்டு நூல், ஹன்னே டி புருயினின் கட்டைக்கூத்து ஆய்வு என்று வரிசை நீளும். அவற்றின் களம் பெரும்பாலும் கிழக்கே செஞ்சியும் காஞ்சிபுரமும். கிருஷ்ணகிரிப் பக்கம் ஊருக்கு ஊர் நடக்கும் பாரத விழாவை அறிய ஒரு சின்னத் தாள் போதும்: விழா நோட்டீஸ்.

ரோஸ் அல்லது மஞ்சள் தாள், நாலாக மடித்தது. மேலே திரௌபதி அம்மன் படம். பகலில் சொற்பொழிவு, இரவில் கூத்து, எந்தத் தேதியில் வில் வளைப்பு, எந்தத் தேதியில் அர்ச்சுனன் தபசு, கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். ஒவ்வொரு நாளுக்கும் நேராக உபயதாரர் பெயர். இங்கேதான் நிதானமாகப் படிக்கவேண்டும். நிலக்காரர்கள் பெயர் இருந்த இடத்தில் ‘கம்பெனி நண்பர்கள்’ என்று எந்த ஆண்டு முதல் வருகிறது? ரியல் எஸ்டேட் விளம்பரம் எப்போது நுழைந்தது? படுகளம் ஞாயிற்றுக்கிழமையில் விழும்படி நாள் குறிக்கத் தொடங்கியது எப்போது? கூத்துக்குப் பக்கத்தில் ஆர்க்கெஸ்ட்ரா எந்த ஆண்டில் சேர்ந்தது? ஒரே ஊரின் முப்பது வருட நோட்டீஸ்கள் கிடைத்தால், விவசாயத்திலிருந்து ஷிஃப்டுக்கு மாறிய ஊரின் கதையைத் தேதியோடு எழுதிவிடலாம்.

கிடைக்காது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி அச்சான புத்தகங்கள் கன்னிமாராவுக்குப் போகும். நோட்டீஸ் எங்கும் போகாது. பழைய சிறு வெளியீடுகளைத் தேடிக் காத்த கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்புதான் 1994இல் ஆராய்ச்சி நூலகமானது. அதுபோல ஒரு கை இந்த எல்லைப் பகுதியில் வேலை செய்யவில்லை. தொழிற்சாலைகளின் வீட்டு இதழ்கள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், குடியிருப்பு விளையாட்டு விழா மலர்கள், கிரிக்கெட் டோர்னமென்ட் போஸ்டர்கள், மாங்கனிக் கண்காட்சி நிகழ்ச்சி நிரல்கள், போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையின் சுங்க ரசீதுகள் எல்லாம் பழைய பேப்பர் கடைக்கே போய்ச் சேருகின்றன.

இதை மாற்றப் பெரிய கட்டடம் தேவையில்லை. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவுக்கு வழி செய்தது. சொத்துவரி ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக வருகிறது. தொழிற்சாலைக் கட்டடங்களும் சொத்துவரி கட்டுகின்றன. கிருஷ்ணகிரி மாவட்ட மைய நூலகத்திலும் ஓசூர்க் கிளையிலும் ‘வட்டாரம்’ என்று ஓர் அலமாரியை ஒதுக்கி, ஆண்டு வாரியாக அட்டைப் பெட்டி வைத்தால் தொடங்கிவிடலாம். வாசகர்கள் கொண்டுவருவதை வாங்கி, ஊர், தேதி எழுதி உள்ளே வைக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. போச்சம்பள்ளிப் பக்கம் 2021இல் எழுந்த ஓலா மின்வண்டி ஆலை பெண்களையே வைத்து நடத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஓசூர் அருகே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆயிரக்கணக்கான இளம்பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஜார்க்கண்டிலிருந்தும் வந்திருக்கிறார்கள். பதினெட்டு, இருபது வயதில் முதன்முதலாகக் கையில் சொந்தச் சம்பளமும் வாரத்துக்கு ஒரு லீவும் கிடைத்த பெண்கள் இவர்கள். அந்த ஒரு நாளில் துணி துவைத்து, அம்மாவிடம் போன் பேசி, மீதி நேரத்தில் என்ன செய்கிறார்கள்? விடுதி வாசலைத் தாண்டிப் போக நேரக் கட்டுப்பாடு உண்டா? தங்கள் ஊர்ப் பண்டிகையை இங்கே எங்கே கொண்டாடுகிறார்கள், எந்த மொழியில் பாடுகிறார்கள்? கன்னிமாராவிலும் இல்லை, மிதிக் சொசைட்டியிலும் இல்லை, ஷோத்கங்காவிலும் தேடிப் பார்த்தாயிற்று என்ற நிலைக்கு அந்த முதுகலை மாணவி வரும்போது, கையில் ஒரு நோட்டும் கொஞ்சம் இந்தியும் வைத்துக்கொண்டு அவர்களுடைய லீவு நாளில் போய் உட்காரவேண்டியதுதான். அவள் எழுதிக்கொண்டு வரும் பக்கங்களுக்கும் அந்த அட்டைப் பெட்டிகளில் ஒன்று காலியாக இருக்கவேண்டும்.